மூன்றாம் மாடிப் பியானோவுக்குச் சந்தனப் பொட்டு

பியானோவைக் கீழே இறக்கியபோது உடனிருந்தவர்கள்: பியானோ ஏற்றி இறக்கும் தொழில் செய்யும் பரமண்ணை, அவரிடம் வேலை பார்க்கும் போலந்துக்காரர் மாரெக், பியானோக்காரரின் மனைவி இரீனா, முதல் மாடியில் குடியிருக்கும் ஜெர்மன் அம்மா, நான். இல்லாதவர்கள் இரண்டு பேர். தூக்க வேண்டிய மூன்றாவது ஆள் காய்ச்சல் என்று டாக்டர் சீட்டு அனுப்பிவிட்டார். பியானோவின் சொந்தக்காரர் வாதிம் செர்கேயெவிச், ரொட்டி வாங்கி வருகிறேன் என்று காலை ஏழரைக்குப் போனவர், எங்கள் வண்டி தெருமுனை திரும்பும்வரை வரவில்லை. வீட்டில் ஏற்கெனவே நான்கு ரொட்டி இருந்தது.

அது புதன்கிழமை. நான் ஸ்டுட்கார்ட்டுக்கு வந்தது திங்கட்கிழமை.

நான் சென்னையில் ஒரு இசைப்பள்ளியில் பியானோ ட்யூனர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். அப்பா கோயம்பேடு மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். என் வேலை என்ன என்று ஆறு வருடமாக அவருக்கு விளக்கி வருகிறேன். “கெட்டுப்போனா சரி பண்றது” என்று சுருக்கி வைத்திருக்கிறார். கெட்டுப்போகவில்லை, சுருதி இறங்கிவிட்டது என்றால், “அதான்” என்பார்.

எங்கள் பள்ளியின் பெரிய பியானோவைக் கறையான் தின்றுவிட்டது. பதிலுக்கு ஜெர்மனியிலிருந்து பழைய நல்ல பியானோ ஒன்றை வரவழைக்கலாம், அல்லது அதே பணத்தில் ஆறு எலக்ட்ரானிக் பியானோ வாங்கலாம். எலக்ட்ரானிக்கில் சுருதி இறங்காது. சுருதி இறங்காத பியானோவுக்கு ட்யூனர் வேண்டாம். இதைப் பள்ளி முதல்வர் என் எதிரிலேயே சொன்னார், கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல். அன்று இரவே தேட ஆரம்பித்து இந்தப் பியானோவைக் கண்டுபிடித்தவன் நான். ஒரு காலத்தில் பெரிய போட்டியில் முதல் பரிசு வாங்கிய ரஷ்யப் பியானோ கலைஞருடையது. முன்பணமும் அனுப்பியாயிற்று. அதற்குப் பிறகுதான் தெரிந்தது, அவர் இதே பியானோவை ஏற்கெனவே இரண்டு முறை விற்று, இரண்டு முறையும் கடைசி நிமிடத்தில் மாட்டேன் என்றவர் என்று. முதல்வர் என்னை நேரில் அனுப்பினார். வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் பியானோ கண்டெய்னர் முற்றத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆறு எலக்ட்ரானிக்.

விமானம் இறங்கிய ஊரிலிருந்து ஸ்டுட்கார்ட்டுக்கு ரயில். பாதி வழியில் ஒரு சின்ன ஸ்டேஷனில் நின்று, ஏதோ அறிவித்தார்கள். எல்லோரும் அமைதியாக எழுந்து இறங்கினார்கள். ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த ஒரு பெண் எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார்: “இந்த ரயில் இன்றைக்கு இவ்வளவுதான்.” நம் ஊரில் ரயில் எவ்வளவு தாமதமானாலும் போகிற முயற்சியைக் கைவிட்டு நான் பார்த்ததில்லை. இங்கே அதை நாகரிகமாகக் கைவிடுகிறார்கள்.

அந்த ஸ்டேஷனுக்கே வண்டியோடு வந்து என்னை ஏற்றிக்கொண்டார் பரமண்ணை. ஐம்பத்தேழு வயது. யாழ்ப்பாணத்துக்காரர். அகதியாக வந்து, ஏறக்குறைய முப்பது வருடமாகப் பியானோ தூக்குகிறார். இப்போது இரண்டு வண்டிக்குச் சொந்தக்காரர். கழுத்தும் தோளும் ஒரே அகலம்.

“நீங்க பியானோ வாசிப்பீங்களாண்ணே?” என்று பேச்சுக்குக் கேட்டேன்.

“தூக்கிறவன் கட்டையிலை கை வைக்கக்கூடாது தம்பி. நான் வேலைக்குச் சேந்த அண்டைக்கு முதலாளி சொன்ன முதல் கதை அது. ஆரோ ஒருத்தரின்ரை சாமான். இண்டைவரைக்கும் ஒரு கட்டை அமத்தினதில்லை.”

“ஒண்ணு கூடவா?”

“தூசு துடைக்கேக்கையும் மூடியைத்தான் துடைப்பன்.”

வீட்டில் அவர் மனைவி மலர் அக்கா இடியப்பமும் சொதியும் கத்தரிக்காய்ப் பிரட்டலும் வைத்திருந்தார். நவராத்திரி முடியும்வரை மச்சம், அதாவது மீனும் கறியும், இல்லை என்று மன்னிப்புக் கேட்டார். அவருடைய சொதியை மூன்று முறை வாங்கிக் குடித்ததால் அந்த மன்னிப்பு தேவைப்படவில்லை.

செவ்வாய்க்கிழமை பியானோவைப் பார்க்கப் போனோம். நான்கு மாடிக் கட்டடம், மூன்றாம் மாடி வீடு, லிஃப்ட் இல்லை. வாதிம் செர்கேயெவிச்சுக்கு எழுபத்தாறு வயது. ஒல்லியாக, வீட்டுக்குள்ளேயும் கோட்டுப் போட்டிருந்தார். பியானோவுக்கும் எனக்கும் நடுவில் நின்றபடி கை கொடுத்தார். இரீனா பீட்ரூட் சூப் கொடுத்தார். அதை ரசம் என்று நினைத்துச் சோறு எதிர்பார்த்தது என் தவறு.

அவர் பேசியது ஜெர்மன், ரஷ்ய வாடையோடு. எனக்கு ஜெர்மன் தெரியாது. பரமண்ணைதான் மொழிபெயர்த்தார். அதனால் ஒரு ரஷ்ய மேதையின் வாழ்க்கை எனக்கு யாழ்ப்பாணத் தமிழில்தான் தெரியும். அப்படியே எழுதுகிறேன்.

“நான் ஆறு வயசிலை துடங்கினனான். அம்மா வேலைக்குப் போகேக்கை வெளியாலை பூட்டிப்போட்டுப் போவா. நான் வாசிக்கிறதை நிப்பாட்டினா பக்கத்து வீட்டு மனுசி சுவரிலை இடிப்பா. அதுக்கு அம்மா அவவுக்குக் கிழமைக்கு மூண்டு முட்டை குடுக்கிறவ.” பரமண்ணை நிறுத்தி, தன் பங்குக்குச் சொன்னார்: “இஞ்சை வாசிச்சாத்தான் சுவரிலை இடிப்பினம்.”

“இருபத்திரண்டு வயசிலை வெளிநாட்டுக்குப் போட்டிக்கு அனுப்பினவங்கள். கூட ஒருத்தனும் வந்தவன். அவனுக்குச் சங்கீதம் தெரியாது, நான் ஓடிப்போகாமப் பாக்கிறதுதான் அவன்ரை வேலை. கடைசிச் சுற்றிலை நான் வாசிக்கேக்கை அவன் முன் வரிசையிலை நல்ல நித்திரை. எனக்கு முதல் பரிசு. காசை அரசாங்கம் எடுத்திட்டுது. எனக்கு ஒரு கோட்டுத் துணியும், கார் வாங்கிற வரிசையிலை ஒரு இடமும் தந்தவங்கள்.”

“கார் வந்ததா?” என்று கேட்டேன்.

பரமண்ணை கேட்டுச் சொன்னார். “வரிசை இன்னும் நிக்குதாம்.”

பிறகு ஊர் ஊராகக் கச்சேரி. டிராக்டர் தொழிற்சாலை, சுரங்கம், ராணுவ முகாம். ஒரு ஊரில் பியானோவில் மூன்று கட்டைகளுக்குத் தந்தியே இல்லை. அந்த மூன்று சுரமும் வராத பாட்டுகளாகத் தேடி ஒன்றரை மணி நேரம் வாசித்தாராம். இதைச் சொன்னபோது முதல் தடவையாகச் சிரித்தார். போட்டியைப் பற்றிச் சொன்னபோது சிரிக்கவில்லை.

நாடு உடைந்ததும் ஜெர்மனிக்கு வந்தார். “வேலைக் கந்தோரிலை அந்தப் பரிசுச் சான்றிதழைக் காட்டினனான். அங்கை இருந்த பெட்டை வடிவாப் பாத்திட்டு, ‘நல்லது, ஆவுஸ்பில்டுங் சான்றிதழ் இருக்கோ?’ எண்டு கேட்டவ.” அந்த வேலைவாய்ப்பு அலுவலகத்தில் கேட்டது தொழிற்பயிற்சிப் பத்திரமாம். பரமண்ணை பெருமூச்சு விட்டார். “என்னட்டையும் அவதான் கேட்டிருப்பா போலை.”

பாலே வகுப்பில் பிள்ளைகள் குதிப்பதற்கு நான்கு வருடம் வாசித்தார். பிறகு மாணவர்கள், கச்சேரிகள். இந்தப் பியானோவைத் தவணையில் வாங்கிப் பதினொரு வருடம் கட்டினார். ஆறு வயதிலிருந்து அவர் பியானோவைத் தொடாத நாள் கிடையாதாம். அம்மாவை அடக்கம் செய்த அன்றைக்கும் இரண்டு மணி நேரம்.

இப்போது இரீனாவுக்கு முழங்கால் போய்விட்டது. தரைத்தள வீட்டுக்கு மாறுகிறார்கள். அந்த வீட்டை அளந்து பார்த்தால் பியானோ வைக்க இடம் இருக்கிறது, கட்டில் போட இடம் இல்லை. பியானோவுக்கு அடியில் படுக்கலாம் என்றார் வாதிம். இரீனா சம்மதிக்கவில்லை.

நான் மூடியைத் திறந்து பார்த்தேன். தந்தி, சுத்தியல், ஒலிப்பலகை எல்லாம் சுத்தம். ஒலிப்பலகையில் விரிசல் இருக்கிறது என்றார் அவர். இல்லை என்றேன். இருக்கிறது என்றார். விளக்கடித்துக் காட்டினேன். இரீனா உள்ளேயிருந்து ரஷ்ய மொழியில் ஒரே ஒரு சொல் சொன்னார். அதோடு விரிசல் மறைந்தது.

புதன்கிழமை காலை. நாற்காலிகளெல்லாம் ஏற்கெனவே புது வீட்டுக்குப் போய்விட்டன. கால்களைக் கழற்றி, பியானோவைப் பக்கவாட்டில் பலகை மேல் நிறுத்தி, கம்பளி சுற்றிவிட்டோம். கிளம்பும் நேரத்தில் இரீனா எல்லோரையும் தரையில் உட்காரச் சொன்னார். பயணம் புறப்படுமுன் ஒரு நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும், அது ரஷ்யர்களின் வழக்கமாம். தோளில் வாரை மாட்டியிருந்த மாரெக்கும் உட்கார்ந்தார். எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

மூன்றாவது ஆள் இல்லாததால் பரமண்ணை என்னைப் பார்த்தார். “தம்பி, பாரம் முழுக்கப் படி இறங்கிற மிசின் தாங்கும். நீர் மேல்பக்கம் வாரை இழுத்துப் பிடிச்சாக் காணும்.”

என் அப்பா என்னைப் படிக்கவைத்ததே நான் மூட்டை தூக்கக் கூடாது என்பதற்காக. வாரைப் பிடித்தேன். சென்னையில் இதையே எட்டுப் பேர் கயிறு கட்டி, ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு இறக்குவார்கள். இங்கே மூன்று மாடிக்கும் பரமண்ணை சொன்னது இரண்டே சொல்: “மெல்ல”, “நில்”. இரண்டையும் தமிழிலேயே சொன்னார். மாரெக்குக்கு இந்த இரண்டு தமிழ்ச் சொல்தான் தெரியும். அவருக்கு அதுவே போதும்.

முதல் மாடி ஜெர்மன் அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். இங்கே மாடிப்படியை வாரத்துக்கு ஒரு வீடு கூட்ட வேண்டும், முறை யாருடையதோ அவர்கள் கதவில் அட்டை தொங்கும். இந்த வாரம் இரீனாவுடையது. அந்த அம்மா சுவரில் ஒரு நீளக் கீறலைக் காட்டி ஏதோ கேட்டார். பரமண்ணை தலை குனிந்தார்.

“இது இண்டைக்கு வந்ததில்லை, பழசு எண்டு சொன்னனான். இந்தப் பியானோவை மேலை ஏத்தினதும் நான்தான் தம்பி. வேலைக்குச் சேந்து முதல் கிழமை. அப்ப பட்ட கீறல்.”

“அவங்க என்ன சொல்றாங்க?”

“இவ்வளவு காலமும் ஆரெண்டு தெரியாமல் இருந்தவவாம். இனி நிம்மதியாம்.”

அன்று மாலை அப்பா போனில் கேட்டார். “எத்தினி மூட்டை இருக்கும்?”

“நானூறு கிலோப்பா. எட்டு மூட்டை.”

“மூணாவது மாடியா? கூலி பேசிட்டுத் தூக்கச் சொல்லு.”

நானும் பிடித்தேன் என்று சொல்லவில்லை.

வியாழக்கிழமை சரஸ்வதி பூசை. பரமண்ணையின் கிடங்கு டயர்க் கடைக்குப் பக்கத்தில். மலர் அக்கா மேசையில் சரஸ்வதி படம் வைத்து, கும்பம் வைத்து, அவல், கடலை, புக்கை படைத்தார். சர்க்கரைப் பொங்கலைத்தான் அவர்கள் புக்கை என்கிறார்கள். பரமண்ணை ஸ்பானர், வார்ப்பட்டை, இரண்டு வண்டிச் சாவி, கணக்குப் புத்தகம், டிரைவிங் லைசன்ஸ் எல்லாவற்றையும் அடுக்கினார். நான் என் ட்யூனிங் லீவரை வைத்தேன். இன்னதற்கு லீவு என்று சொன்னதும் மாரெக் கேட்டது ஒன்றுதான்: “சம்பளம் உண்டா?”

பியானோவுக்கும் பொட்டு வைக்க வேண்டும் என்றார் பரமண்ணை. கம்பளிக்கு மேலே வைக்கலாமே என்றேன். “போர்வைக்கு ஆரும் பொட்டு வைப்பினமே?” என்று ஒரு மூலையைப் பிரித்துவிட்டார். பாலிஷில் குங்குமம் பிடித்தால் போகாது. கடைசியில் வெள்ளைக் காகித டேப் ஒன்றை ஒட்டி, அதன்மேல் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். வண்டிகளுக்கு எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்தாயிற்று.

பதினோரு மணிக்கு வாதிம் செர்கேயெவிச் வந்தார். ஒரு கையில் ரொட்டிப் பை, ஒரு கையில் கவர். கவரைப் பூசை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார். பரமண்ணை மெதுவாக மொழிபெயர்த்தார். “முன்பணம் முழுக்க இருக்காம். எண்ணிப் பாக்கட்டாம். பியானோவைத் திருப்பிக் கொண்டு போகோணுமாம்.”

 மனக்கண்ணில் ஆறு எலக்ட்ரானிக் பியானோ வரிசையாகத் தெரிந்தது.

“இண்டைக்கு ஏலாதெண்டு சொல்லுறன்,” என்றார் பரமண்ணை. “வண்டி, வார், சாவி எல்லாம் பூசையிலை. நாளைக்கு விஜயதசமிக்குத்தான் தொடலாம்.”

வாதிம் அதைக் கேட்டுவிட்டுப் பியானோவிடம் போனார். டேப்பையும் சிவப்புப் பொட்டையும் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, எனக்குப் புரிய வேண்டும் என்று ஆங்கிலத்திலேயே கேட்டார்: “சுங்க இலாகா சீலா?” அந்த அரசாங்கத்தில் வளர்ந்தவர்; சீல் வைத்த பொருளைத் தொடக் கூடாது என்று பழகியவர். நான் தலையாட்டியிருந்தால் போதும். கவரை எடுத்துக்கொண்டு போயிருப்பார். தலையாட்டு என்பதுபோல் பரமண்ணை என்னைப் பார்த்தார். மாரெக்கும் பார்த்தார்.

“இல்லை சார்,” என்றேன். “இது பூஜை.”

“படிச்ச ஆள்தானே நீர்,” என்றார் பரமண்ணை பல்லைக் கடித்தபடி. “ஒருக்காத் தலையாட்டினாக் குறைஞ்சே போவீர்?”

அப்படியானால் ஒரு முறை வாசிக்க வேண்டும் என்றார் வாதிம். அதுவும் இன்று கூடாது. இசைக்கருவிக்கும் இன்று ஓய்வு. அது பக்கவாட்டில் காலில்லாமல் நிற்கிறது, எப்படியும் வாசிக்க முடியாது என்பதை யாரும் சொல்லவில்லை. வாதிம் கவரை எடுக்கக் கை நீட்டினார். மலர் அக்கா தடுத்தார். பூசையில் வைத்ததையும் நாளைக்குத்தான் எடுக்கலாம்.

ஆக, கொடுக்கவும் முடியாது, எடுக்கவும் முடியாது. மனிதர் சுற்றிப் பார்த்தார். ஒரு மரப்பெட்டி இருந்தது. அதை இழுத்துப் பியானோவுக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தார். நேற்று இரீனா எங்களை உட்காரவைத்த ஒரு நிமிடம் எனக்கு ஞாபகம் வந்தது. அப்போது உட்காராதவர் இவர் ஒருவர்தான். இவர் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கைகள் முழங்கால் மேல் சும்மா கிடந்தன. எழுபது வருடத்தில் அவை சும்மா இருந்த முதல் நாள் அது. நடுவில் மலர் அக்கா புக்கை கொடுத்தார். சாப்பிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டார். போகும்போது கேட்டார், “நாளை எத்தனை மணிக்கு?”

“காலமை ஏழு,” என்றார் பரமண்ணை.

வெள்ளிக்கிழமை ஆறே முக்காலுக்கே கிடங்கு வாசலில் நின்றார், கருப்புக் கோட்டும் டையுமாக. பக்கத்தில் இரீனா, ஊன்றுகோலோடு. மலர் அக்கா கற்பூரம் காட்டிவிட்டு எல்லோரும் அவரவர் பொருளை எடுக்கலாம் என்றார். பரமண்ணை வண்டிச் சாவியை எடுத்தார். நான் லீவரை எடுத்தேன். வாதிம் கவரை எடுக்கவில்லை. பியானோவைப் பார்த்தார்.

“பியானோக் காலைப் பூட்டுவம்,” என்றார் பரமண்ணை.

“அண்ணே, பன்னிரண்டு மணி,” என்றேன்.

“தெரியும். விஜயதசமியிலை வாசிப்புத் துடங்காமல் அனுப்பேலாது. மாரெக், வா.”

கால் பூட்டி, பியானோவை நிறுத்தி, நான் சுருதி பார்த்து முடிக்க ஒன்பதரை ஆகிவிட்டது. வாதிம் மரப்பெட்டியைப் போட்டு உட்கார்ந்து, கைகளைத் தூக்கியவர், அப்படியே நிறுத்தி மலர் அக்காவிடம் ஏதோ கேட்டார். அக்கா விளக்கினார்: இன்றைக்குத் தெரிந்தவர்கள் வாசிப்பதைவிட, தெரியாதவர்கள் தொடங்குவதுதான் விசேஷம், ஆசிரியர் கையைப் பிடித்துத் தொடக்கிவைப்பார்.

“இங்கே தெரியாதவர் யார்?” என்று கேட்டாராம்.

மாரெக் சின்ன வயதில் அக்கார்டியன் வாசித்தவர். அக்கா ஆறு மாதம் வயலின் படித்தவர். நான் ட்யூனர். எல்லோரும் ஒரே பக்கம் திரும்பினோம்.

வாதிம் எழுந்து பெட்டியைக் காட்டினார். பரமண்ணை எனக்கு மொழிபெயர்த்தார்: “அவரை வந்து இருக்கச் சொல்லட்டாம்.”

“யாரைண்ணே?”

“என்னை.” பின்வாங்கினார். “ஏலாது. தூக்கிறவன் கட்டையிலை கை வைக்கக்கூடாது.”

“இவ்வளவு காலமும் தூக்கினது காணும், இருங்கோப்பா!” என்றார் மலர் அக்கா.

பரமண்ணை கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பெட்டி முனகியது. வாதிம் அவருடைய பெருவிரலைப் பிடித்து நடுக் கட்டையில் வைத்து அழுத்தினார். விரல் தடிமனுக்கு இரண்டு கட்டை சேர்ந்து இறங்கியது. மறுபடி. இம்முறை ஒன்று. அடுத்த விரல், அடுத்தது. ஐந்தாவதில் வாதிம் பிடியை விட்டுவிட்டார். அதைப் பரமண்ணை தானே அமுக்கினார். அமுக்கிவிட்டு எடுக்கவில்லை. சத்தம் அடங்கும்வரை குனிந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உதுக்குள்ளை இவ்வளவு இருந்ததே,” என்றார்.

வாதிம் செர்கேயெவிச் ஜெர்மனில் “நல்லது” என்றார். பிறகு நாங்கள் எதிர்பார்த்தது நடக்கவில்லை. அவர் உட்காரவில்லை, வாசிக்கவில்லை. மூடியை இறக்கினார். பூசை மேசைக்குப் போய்க் கவரை எடுத்து உள்பையில் வைத்துக்கொண்டார். காலைக் கழற்றச் சொன்னார். கழற்றும்போது, மாரெக் கேட்காமலேயே, வாதிமே விளக்குப் பிடித்தார்.

கண்டெய்னர் முற்றத்துக்கு அவரும் எங்களோடு வண்டியில் வந்தார். போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு நாற்பது. ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் தாமதக் கட்டணம் நூற்று எண்பது யூரோ, கட்டினால் பியானோவை எடுத்துக்கொள்வோம் என்றார். விஜயதசமி என்று விளக்க நான் வாயெடுத்தேன். பரமண்ணை என் காலை மிதித்தார். செலவை மூன்றாகப் பிரித்தோம். நான் அறுபது வைத்தேன், பரமண்ணை அறுபது வைத்தார். வாதிம் உள்பையிலிருந்து கவரை எடுத்து, ஓரத்தைக் கிழித்து, எங்கள் பள்ளி அனுப்பிய பணத்திலிருந்து அறுபது எண்ணி வைத்தார்.

வாசித்தது மொத்தம் ஐந்து சுரம். சுரத்துக்கு முப்பத்தாறு யூரோ.